ஓமவாட்டர்

ஆடிக் கச்சான் அடித்த ஒரு மத்தியானம்
கிளாரினெட்டின் ரீட் நெடுக்காக வெடித்தது.
இருந்தது ஒன்றே ஒன்று.
மொன்றியலில் இருந்து மச்சாள் அனுப்பிய பெட்டிக்குள்
இன்னொன்று கிடக்குமென்று துணியை உதறினேன்.
ஒரு கனடாச் சதம் விழுந்தது.

கொழும்புக் கடைக்காரன் போனில் விலை சொன்னான்.
பத்து ரீட், ஒரு பெட்டி.
"உடைச்சுத் தர மாட்டன் மிஸ்."
அந்தக் காசுக்கு ஆரையம்பதியில்
ஒரு மாதம் மீன் வாங்கலாம்,
அதுவும் பாரை.

அதனால்தான் குசினிக்குள் போனேன்.

முதலில் யோகட் கோப்பை.
பெருவிரல் அகலத்துக்கு வெட்டி
வாய்முனையில் வைத்து
தையல் நூலால் பதினெட்டுச் சுற்று.
ஊதினேன்.
காற்று உள்ளே போனது, அவ்வளவுதான்.
போனது எங்கே என்று
மறுமுனையில் கை வைத்துப் பார்த்தேன்.
வெறும் சூடு.

ஐஸ்கிரீம் டப்பா மூடி தடிப்பு,
ரொட்டிக்கல்லை ஊதுவதுபோல் இருந்தது.
அடி தடிப்பாகவே இருக்கலாம்,
நுனி வெங்காயத் தோலாக வேண்டும்.
உடைந்த கிளாஸ் துண்டால் சுரண்டி
நகம் ராவுகிற அரத்தால் தேய்த்து
பல்புக்கு நேரே பிடித்தேன்.
நடுவில் ஒரு நாக்கு இருட்டாக,
ஓரம் இரண்டிலும் வெளிச்சம்,
அப்படித்தான் தெரியவேண்டுமாம்.
என்னுடையதில் வெளிச்சம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
ஊத, வாத்துப்போல் கத்தியது.
வாத்தென்றாலும் சத்தம் சத்தம்தானே.

வேலை முடிந்து வந்த நிமலகாந்த்
செருப்பைக் கழற்றாமலே நின்றார்.
"மீன் பாடுற ஊர்தான்.
ஆனா இது எந்த மீனுக்கும் வராத குரல்."

அலுமாரிக்கு மேல் எக்ஸ்ரே கிடந்தது.
என் நெஞ்சு.
விடாத இருமலுக்குப் போன வருசம் பெரியாஸ்பத்திரியில் எடுத்தது.
விலா எலும்புகளைத் தவிர்த்து
"இதில ஒண்டுமில்ல" என்று
டொக்டர் விரல் வைத்த மூலையை வெட்டினேன்.
மூடித் துண்டு முதுகுக்கு,
நுனிக்கு எக்ஸ்ரே மட்டும்.
மீண்டும் நூல். இந்தமுறை இருபத்திரண்டு சுற்று.

வீரிட்டது.
விட்டு விட்டு, ஏறி இறங்கி,
மூச்சு முட்டி, திரும்ப வீரிட்டது.
எனக்கே தோள் நடுங்கியது.
நிறுத்த மனமில்லாமல்
ஒன்பதரை மட்டும் ஊதினேன்.

கேற் தட்டுப்பட்டது.
பக்கத்து வீட்டுப் பஸ்மியா,
முக்காட்டை ஒரு கையால் பிடித்தபடி,
மற்றக் கையில் ஓமவாட்டர் போத்தல்.
"பொழுதுபட்டதில இருந்து கேக்கிறன் புள்ள,
வயித்துக் குத்தாக்கும்.
யாருட பிள்ள?
உங்கட தங்கச்சி வந்திருக்காவா?"

பதினொரு வருசம்
இந்த மதிலுக்கு அப்பால் இருக்கிறா.
எங்களிடம் அதைக் கேட்காத ஒரே ஆள்.
பின்னால் நிமலகாந்த்
துவாயால் தலை துடைப்பதை நிறுத்தியது கேட்டது.

உள்ளே போய்க் கிளாரினெட்டை எடுத்து வந்தேன்.
அவ சிரிக்கவில்லை.
நூல் சுற்றை விரலால் தடவினா.
"ஒருக்கா ஊதுங்க பாப்பம்."
படலையடியில் நின்று ஊதினேன்.
தெருநாய் ஒன்று எழும்பி இடம் மாறியது.

நாலு பெற்றவ, தலையைச் சரித்துக் கேட்டா.
"இது வயித்துக் குத்தில்ல புள்ள.
பசிச்ச அழுகை."

போத்தலைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை.
நிமலகாந்த் மூடியைத் திறந்து
ஒரு மூடி ஊற்றிக் குடித்தார்.
"இனிப்பு," என்றார்.
எனக்கும் ஒன்று ஊற்றித் தந்தார்.

ரீட்டைக் கழற்றிப் பல்புக்கு நேரே பிடித்தேன்.
இடப்பக்கம் இன்னும் கறுப்பு.
அரத்தால் மெல்ல நாலு இழுவை.
ஐந்தாவதுக்குக் கை போனது,
வேண்டாமென்று வைத்துவிட்டேன்.